பாஸ்டருக்குக் குரலாக நின்றவள்

சபையின் பிளாஸ்டிக் நாற்காலிகள் எல்லாம் ஞானஜோதி படுக்கும் அறையில்தான் அடுக்கியிருக்கும். கட்டிலுக்கு அடியில் ஆம்ப்ளிஃபயர், ஜன்னலை மறைத்துக்கொண்டு கிறிஸ்துமஸ் குடிலின் தட்டிகள். இரும்புலியூரில், ஜி.எஸ்.டி. ரோட்டிலிருந்து பிரிகிற தெருவொன்றில் ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட அந்தச் சிறிய சபையும் அதன் பின்சுவரோடு ஒட்டிய இரண்டு அறை வீடும் எலியேசர் பாஸ்டரின் பொறுப்பில் இருந்தன. எது சபை, எது வீடு என்பது அங்கே பிறந்து வளர்ந்த பிள்ளைகளுக்கே சரியாகத் தெரியாது.

பிள்ளைக்கு ஜுரம், மருமகன் குடித்துவிட்டு அடிக்கிறான், கடைக்கால் போடுகிறோம் வந்து ஜெபம் பண்ணுங்கள் என்று ஆட்கள் வந்துகொண்டே இருப்பார்கள். அம்மா செல்வமேரி டீ போட்டுக்கொண்டே இருப்பாள். வந்தவர்கள் அழ ஆரம்பித்தால் ஞானஜோதியும் அண்ணன் தேவானந்தமும் புத்தகங்களைத் தூக்கிக்கொண்டு சபைக்குள் போய்விடுவார்கள். பரீட்சைக்குப் படித்தது எல்லாம் சபைப் பெஞ்சுகளில்தான். வசனப் போட்டியில் அவள் முதல் பரிசு வாங்கினால், “பாஸ்டர் பொண்ணுதானே, வாங்காம என்ன” என்பார்கள். வாங்காவிட்டால், “பாஸ்டர் பொண்ணா இருந்துக்கிட்டு இப்படியா” என்பார்கள். இரண்டில் எது வந்தாலும் சிரித்த முகமாக நிற்க அவள் சின்ன வயதிலேயே பழகிக்கொண்டாள்.

அவளுக்குப் பிளஸ் ஒன் முடிந்த கோடை விடுமுறையில் வாலிபர் முகாமுக்கு அண்ணனும் அவளும் போனார்கள். கடைசி நாள் கூட்டத்தில் பிரசங்கியார், ஊழியத்துக்குத் தன்னை ஒப்புக்கொடுக்கிறவர்கள் எழுந்து நிற்கலாம் என்றார். தேவானந்தம் எழுந்து நின்று தேம்பித் தேம்பி அழுதான். ஞானஜோதி கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்தாள். உள்ளே ஏதாவது அசையும், ஏதாவது கேட்கும் என்று உண்மையாகவே காத்திருந்தாள். கால் மரத்துப் போனதும் பசித்ததும் தவிர வேறொன்றும் தெரியவில்லை. பொய்யாக எழுந்து நிற்க மனம் வரவில்லை, உட்கார்ந்தே இருந்தாள்.

கூட்டத்துக்கு வந்திருந்த செல்வமேரி, திரும்பி வரும்போது பஸ்ஸில் அவளோடு பேசவில்லை. வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போதுதான் கேட்டாள்.

“ஊர்ப் பிள்ளைங்கல்லாம் எழுந்து நிக்குது. உனக்கு மட்டும் ஏன்டி மனசு இளகல?”

எழுந்து நின்ற தேவானந்தம் பாலிடெக்னிக் முடித்தான். அடுத்து பைபிள் காலேஜ் என்று அப்பா விண்ணப்பம் வாங்கி வைத்திருந்தபோது, திருமுடிவாக்கத்தில் ஒரு ஃபேப்ரிகேஷன் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்துவிட்டான். முதலில் ஷிஃப்ட் என்றான், பிறகு ஓவர்டைம் என்றான், அப்புறம் அங்கேயே ரூம் எடுத்துத் தங்கினான். ஞாயிற்றுக்கிழமை வருவதும் நின்றது. ஒருமுறை ஞானஜோதி போய்ப் பார்த்துக் கேட்டபோது வெல்டிங் கண்ணாடியைத் துடைத்தபடியே சொன்னான்.

“அன்னிக்கு அழுதது நெஜம்தான் ஜோதி. அதுக்காக ஆயுசு பூரா பதில் சொல்லிக்கிட்டே இருக்க முடியுமா?”

அவளுக்கு அவன்மேல் கோபம் வரவில்லை. இனி வீட்டில் மிஞ்சியிருப்பது தான் ஒருத்திதான் என்று மட்டும் தோன்றியது.

2003ஆம் வருடம் பாஸ்டரின் தொண்டை போயிற்று. சளி என்று நினைத்தார்கள். கஷாயம், வெந்நீர், ஆவி எதற்கும் மசியவில்லை. குரலுக்கு உள்ள நரம்பு ஒன்று செயல் இழந்துவிட்டது, காரணம் சொல்ல முடியாது, திரும்பி வரலாம், வராமலும் போகலாம் என்றார் டாக்டர். மைக்கை வாயோடு ஒட்டிப் பிடித்தாலும் ஸ்பீக்கரில் காற்றுதான் கேட்டது. கமிட்டிச் செயலாளர் ஜீவானந்தம், டெலிபோன் இலாகாவில் இருந்து ஓய்வு பெற்றவர், “கொஞ்ச நாள் வெளியில இருந்து யாரையாவது கூப்பிட்டுக்கலாமே பாஸ்டர்” என்றார். பாஸ்டர் தலையை ஆட்டி மறுத்தார். அடுத்த ஞாயிறு பிரசங்க நேரம் வந்ததும், கீபோர்டு பக்கத்தில் நின்ற மகளைக் கையைப் பிடித்து இழுத்துத் தன் அருகில் நிறுத்தி, மைக்கை அவள் கையில் கொடுத்தார். அவள் காதருகே குனிந்து முதல் வாக்கியத்தை மூச்சாகச் சொன்னார். அவள் அதைச் சத்தமாகச் சொன்னாள்.

வெளிநாட்டுப் பிரசங்கியாருக்குப் பக்கத்தில் மொழிபெயர்ப்பவர் நிற்பது சபைக்குப் பழக்கமான காட்சிதான், அதனால் ஒருவரும் மறுத்துச் சொல்லவில்லை. அப்படியே வாரம் வாரமாக ஓடி, வருஷமும் ஆகிவிட்டது. கல்யாணம், அடக்க ஆராதனை, புதுமனை, போனில் வருகிற அவசர ஜெபம் எல்லாவற்றுக்கும் அவள் வாய்தான். வார நாட்களில் குரோம்பேட்டையில் மெடிக்கல் டிரான்ஸ்க்ரிப்ஷன் ஆபீஸில் வேலை. எங்கோ அமெரிக்காவில் ஒரு டாக்டர் தன் நோயாளியைப் பற்றிச் சொல்லிப் பதிவு செய்ததை ஹெட்போனில் கேட்டு டைப் அடிக்க வேண்டும். சில திங்கட்கிழமைகளில் தொண்டை கட்டி, ஆபீஸில் பக்கத்து ஸீட்காரி கேட்டதற்குக்கூடச் சைகையில் பதில் சொல்வாள். அவளாகப் பேச என்று ஒரு நாள் வாரத்தில் இல்லை. அதை அவள் கவனிக்கவும் இல்லை. களைப்பு மட்டும் கவனத்துக்கு வந்தது.

“ஊழியத்துக்கு அழைப்பு இருக்கா அம்மா உனக்கு?” என்று வெளியூர் ஊழியக்காரர்கள் கேட்பார்கள்.

“ஜெபத்துல இருக்கேன் அய்யா” என்பாள். பதில் சொல்ல விருப்பமில்லாத எல்லாக் கேள்விக்கும் அந்த வீட்டில் அதுதான் பதில்.

சனிக்கிழமை மதியங்களில் பாஸ்டர் சானடோரியம் ஆஸ்பத்திரிக்குப் போவார். நுரையீரல் நோய்க்கென்று ஏற்பட்ட அந்த ஆஸ்பத்திரியில் அப்போது எய்ட்ஸ் நோயாளிகள் பல மாவட்டங்களிலிருந்தும் வந்து படுத்திருந்தார்கள். குரல் இருந்த காலத்திலேயே அவர் போய்க்கொண்டிருந்த இடம். இப்போது ஞானஜோதியும் கூடப் போக வேண்டியதாயிற்று. மரங்களுக்கு நடுவே நீள நீளமான வார்டுகள். கட்டில் கட்டிலாக நின்று அவர் முணுமுணுப்பார், அவள் சொல்வாள், ஆமென் என்பார்கள், அடுத்த கட்டில்.

பெண்கள் வார்டில் ஒரு சனிக்கிழமை அந்த ஓட்டம் தடைப்பட்டது. சுவர் ஓரக் கட்டிலில் ஒரு பெண், எலும்பும் தோலுமாக, ஆனால் கண்ணில் மட்டும் குறும்பு குறையாமல் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“இன்னாம்மா இது? அய்யா காத்துல பேசுறாரு, நீ கத்திகினு கீற. ஒரே ஆளு பேசினா ஆவாதா?”

“அவருக்குத் தொண்டை போச்சுக்கா.”

“அப்ப நீயே பேசிட்டுப் போயேன். அவரு இன்னாத்துக்கு?”

பாஸ்டர் சத்தமில்லாமல் சிரித்துவிட்டார். அவர் அப்படிச் சிரித்து அவள் பார்த்து வெகு நாளாகியிருந்தது.

அந்தப் பெண்ணின் பெயர் அஞ்சம்மாள். கோவளத்துக்கு அந்தப் பக்கம் ஒரு குப்பம். கூடையில் மீன் எடுத்துக்கொண்டு கேளம்பாக்கம், வண்டலூர் என்று விற்றவள். புருஷன் போன நோயே அவளுக்கும் என்று தெரிந்ததும் புருஷன் வீட்டார் ஷேர் ஆட்டோவில் ஏற்றி வந்து ஆஸ்பத்திரி வாசலில் இறக்கிவிட்டுப் போயிருந்தார்கள். அரசாங்கம் அந்த நோய்க்கு இலவசமாக மாத்திரை கொடுக்கத் தொடங்கியிருந்த சமயம் அது. அவள்தான் தாமதமாக வந்து சேர்ந்திருந்தாள்.

“ஜெபம்லாம் வோணாம் கண்ணு. எங்க ஊர்ல எனக்கு சாமி கீது. நீ சும்மா குந்து கொஞ்ச நேரம். வர்றவங்க போறவங்கல்லாம் நின்னுகினே பேசிட்டுப் பூடறாங்க.”

ஞானஜோதி ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். பாஸ்டர் மகளைப் பார்த்தார். பிறகு தனியாகவே அடுத்த கட்டிலுக்குப் போனார். அங்கே அவர் குனிந்து நோயாளியின் காதிலேயே நேரடியாகச் சொல்வது தெரிந்தது.

அதற்குப் பிறகு சனிக்கிழமைகளில் அவள் அஞ்சம்மாளின் பக்கத்தில் உட்கார்ந்தாள். பெரும்பாலும் அஞ்சம்மாள்தான் பேசுவாள். எந்தத் தெருவில் எந்த வீட்டம்மா எப்படிப் பேரம் பேசுவாள், விலை கூடிய வஞ்சிரம் வாங்குகிறவளுக்கும் பொடி மீனான காரப்பொடி வாங்குகிறவளுக்கும் எத்தனை வித்தியாசம் என்று சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள், இருமுவாள். சில நாள் பேச முடியாது, வெறுமனே கையைப் பிடித்துக்கொண்டு கிடப்பாள். அங்கே ஞானஜோதி எதையும் எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

ஒருநாள் அஞ்சம்மாள் நெத்திலிக் குழம்பு கேட்டாள். செல்வமேரி முகத்தைச் சுளித்தாலும் வைத்துக் கொடுத்தாள். திரும்பி வந்த டிபன் பாக்ஸைக் கொதிக்கிற தண்ணீரில் போட்டு, அதன்பின் வீட்டுப் பாத்திரங்களோடு சேர்க்காமல் தனியே வைத்தாள். ஞானஜோதி பார்த்தும் பார்க்காததுபோல இருந்துவிட்டாள்.

சபைக்கும் விஷயம் போயிற்று. பாஸ்டர் பெண் அந்த வார்டில் மணிக்கணக்காக உட்கார்ந்திருக்கிறாளாம், கையைப் பிடிக்கிறாளாம், தலை வாரிவிடுகிறாளாம். திருவிருந்தில் சபையார் எல்லாரும் வாங்கிச் சாப்பிடும் அப்பத்தை அறுத்து அடுக்குவது அவள் வேலையாக இருந்தது. ஜீவானந்தம் கமிட்டியில் எழுந்தார். கெட்ட மனிதர் இல்லை, பேசும்போது அவர் நெற்றியில் வியர்த்திருந்தது.

“தப்பா எடுத்துக்கக் கூடாது பாஸ்டர். ஜனங்க பயப்படுறாங்க. தங்கச்சி கொஞ்ச நாளைக்கு அப்பத்துல கை வைக்க வேணாம்.”

பாஸ்டரின் முகம் சிவந்தது. மேஜையைத் தட்டினார். உதடுகள் வேகமாக அசைந்தன, கழுத்து நரம்பு புடைத்தது, ஆனால் காற்றுதான் வந்தது. எல்லாரும் வழக்கம்போல ஞானஜோதியின் பக்கம் திரும்பினார்கள். அப்பா சொன்னது அத்தனையும் அவளுக்குக் கேட்டது. மகளுக்காக அவர் இவ்வளவு கோபப்பட்டு அவள் கண்டதில்லை. ஆனால் தன்னைப் பற்றித் தானே வாதாட வேண்டும் என்று நினைத்தபோது அவளுக்குச் சலிப்பாக இருந்தது. அவள் வாயைத் திறக்கவில்லை. சிறிது நேரம் காத்திருந்துவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போனார்கள்.

மழைக்காலம் பிறக்கும் முன்பே அஞ்சம்மாள் இறந்துபோனாள். ஒரு சனிக்கிழமை போனபோது சுவர் ஓரக் கட்டிலில் வேறொரு பெண் இருந்தாள்.

“நேத்திக்கே போயிட்டாங்க. ஊருக்குச் சொல்லி அனுப்பிச்சோம், யாரும் வரல” என்றாள் நர்ஸ். அவளும் களைத்துத்தான் இருந்தாள்.

ஞானஜோதி அன்று எந்தக் கட்டில் அருகிலும் நிற்கவில்லை. வெளியே வந்து மரத்தடிச் சிமெண்ட் மேடையில், அப்பா வரும்வரை உட்கார்ந்திருந்தாள். அழுகை வரவில்லை.

மறுநாள் பிரசங்கம் நோய் தீர்ந்து சுகம் பெறுவதைப் பற்றியது. பாஸ்டர் வெகு நாளைக்கு முன்பே தயார் செய்தது, மாற்ற அவருக்குத் தோன்றவில்லை. நம்பிக்கையோடு கேட்கிறவனுக்கு ஆண்டவர் சுகத்தை மறுக்கவே மாட்டார் என்று காதில் சொன்னார். அவள் மைக்கைப் பிடித்தபடி நின்றாள். கேட்கவில்லையோ என்று அவர் மறுபடி சொன்னார். சபையில் விசிறி மட்டைகள் நின்றன. மூன்றாவது முறை அவர் சொல்ல வாயெடுக்கும் முன் அவள் பேசினாள்.

“அஞ்சம்மாள்னு ஒரு அக்கா, சானடோரியம் ஆஸ்பத்திரியில இருந்தாங்க. முந்தாநாள் செத்துட்டாங்க. அவங்க சுகமாகணும்னு வீட்டுல அப்பா ஜெபம் பண்ணாரு, நானும் பண்ணேன். ஆகல. அவங்க உடம்பை வாங்கிட்டுப் போகக்கூட யாரும் வரல. ஏன்னு எனக்குத் தெரியல. அப்பா சொல்றதை இத்தனை நாளும் நான் ஒரு வார்த்தை கூட்டாம குறைக்காம சொல்லியிருக்கேன். இதை மட்டும் என்னால சொல்ல முடியல. மன்னிச்சிடுங்க.”

மைக்கை ஸ்டாண்டில் வைத்துவிட்டு இறங்கிப் போய்ப் பெண்கள் பக்கம் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தாள். மேடையில் பாஸ்டர் தனியாக நின்றார். மைக் எதிரே இருந்தது. அவர் மூச்சு விடுவது மட்டும் ஸ்பீக்கரில் பெரிதாகக் கேட்டது. கொஞ்ச நேரத்துக்குப் பிறகு பாட்டுப் பாடும்படி கையைக் காட்டினார். ஒருவரும் ஆரம்பிக்கவில்லை. கடைசியில் செல்வமேரிதான் உட்கார்ந்த இடத்திலிருந்தே ஒரு பாட்டைத் தொடங்கினாள், சுருதி எங்கோ போக.

அன்று சமையலறையில் பாத்திரங்கள் அதிகமாகவே சத்தம் போட்டன.

“உங்கப்பா மானத்தை ஒரே நிமிஷத்துல வாங்கிட்டியே! அவர் வாயில வராததை அவர் பக்கத்துல நின்னுக்கிட்டு நீ எப்படிச் சொல்லலாம்?”

“வேற எங்க நின்னு சொல்றதும்மா? என்னை யாராவது தனியா நிக்க வச்சீங்களா?”

செல்வமேரி கரண்டியைக் கீழே வைத்தாள். சண்டை வளரும் என்றுதான் ஞானஜோதி நினைத்தாள். ஆனால் அம்மா சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

“எனக்கும்தான் அலுத்துப்போச்சு. எத்தனை வருஷமா டீ போடறேன், தெரியுமா? எல்லாரும் அழைப்பு அழைப்புன்றாங்க. என்னை யாருடி கூப்பிட்டா? அவரைக் கூப்பிட்டாரு ஆண்டவர். நான் கூடவே வந்தேன். எனக்கு இதுல விருப்பமான்னு ஒருத்தர்கூடக் கேட்டதில்ல, நானும் யார்கிட்டயும் சொன்னதில்ல.”

அம்மாவிடம் அப்படி ஒரு பேச்சு உள்ளே கிடந்தது ஞானஜோதிக்கு அன்றுதான் தெரிந்தது. அவளும் பக்கத்தில் உட்கார்ந்தாள். அடுப்பில் பருப்பு அடிப்பிடித்த பிறகே இருவரும் எழுந்தார்கள்.

கமிட்டி அவசரப்படவில்லை. இரண்டு மூன்று வாரம் வெளியிலிருந்து ஆட்கள் வந்து பேசினார்கள். பிறகு ஜீவானந்தம் வீட்டுக்கே வந்தார், ஒரு யோசனையோடு. அவருக்குத் தெரிந்த பையன், பைபிள் காலேஜ் முடித்தவன், நல்ல குரல். ஞானஜோதியைக் கட்டிக்கொண்டால் அவனே இங்கே பாஸ்டர். வீட்டைக் காலி செய்ய வேண்டாம், எலியேசர் பாஸ்டரும் கடைசிவரை சபையிலேயே இருக்கலாம், அவளும் பாஸ்டரம்மாவாக ஊழியத்தில் இருக்கலாம்.

“யாருக்கும் சங்கடம் இல்லாம ஆண்டவர் வழி காட்டியிருக்காரு. என்னம்மா சொல்ற?”

அம்மா டீ டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு மகளையே பார்த்தாள். அப்பா தரையைப் பார்த்தார். ஆமென்றால் எல்லாம் இருந்தபடியே இருக்கும். அந்த இருந்தபடியை நினைத்தபோதுதான் அவளுக்கு மூச்சு முட்டியது.

“ஜெபத்துல…” என்று வழக்கம்போல ஆரம்பித்தவள், நிறுத்தினாள். “இல்ல அங்கிள். ஜெபத்துலல்லாம் இல்ல. எனக்கு இது வேணாம்.”

கிறிஸ்துமஸுக்கு முன் புதுப் பாஸ்டர் குடும்பத்தோடு வரவேண்டியிருந்ததால் வீட்டைக் காலி செய்தார்கள். தேவானந்தம் கம்பெனி டெம்போவைக் கேட்டு எடுத்து வந்தான். பீரோவைத் தூக்கும்போது அப்பாவின் கண்ணைப் பார்க்காமலே வேலை செய்தான். அப்பா பின்னால் போய் அவன் தோளில் கை வைத்தார். “விடுப்பா, சாமானை ஏத்தணும்” என்றான், பீரோவை விடாமல்.

அனகாபுத்தூரில், சந்துக்குள் சந்தாகப் போகும் ஒரு தெருவில் வீடு. பக்கத்தில் தறிச் சத்தம், அந்தப் பக்கம் ஆறு. மறு வருஷம் பெய்த பெருமழையில் ஆற்றுத் தண்ணீர் வீட்டுக்குள் வந்தது. பாஸ்டரை நாற்காலியோடு தூக்கிப் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் வைத்தார்கள். அவருடைய பிரசங்கக் குறிப்புகள் எல்லாம் ஊறிப் போயின. செல்வமேரி அவற்றை வெயிலில் பரப்பிப் பார்த்துவிட்டு, பிறகு அவராகவே வேண்டாம் என்றதும் அள்ளிப் போட்டுவிட்டாள்.

ஞானஜோதி சனிக்கிழமைகளில் போவதை நிறுத்தவில்லை. இப்போது தனியாகவே போனாள். ஜெபம் கேட்டால் செய்தாள், கேட்காவிட்டால் உட்கார்ந்தாள். அங்கே வேலை செய்த ஒரு தொண்டு நிறுவனத்துக்கு நோயாளிகளோடும் அவர்கள் வீட்டாரோடும் பேச ஆள் தேவைப்பட்டபோது, நர்ஸ்தான் அவள் பெயரைச் சொன்னாள். டைப் அடிக்கிற வேலையைவிடச் சம்பளம் குறைவு. பயிற்சி கொடுத்தார்கள். ரத்தப் பரிசோதனை முடிவைச் சொல்லும்போது எதிரே இருப்பவரின் முகத்தை எப்படிப் பார்க்க வேண்டும், என்ன சொல்லக் கூடாது என்பதை அங்கே கற்றுக்கொண்டாள். நோயாளிகளின் ஊர்களுக்குப் போய்க் கதவைத் தட்டி, மாத்திரை சாப்பிட்டால் பல வருஷம் இருப்பார், வந்து கூட்டிக்கொண்டு போங்கள் என்று பேசினாள். சில வீடுகளில் கேட்டார்கள். பல வீடுகளில் வாசலோடு அனுப்பினார்கள். ஒரு குப்பத்தில் அவள் மேல் தண்ணீரை ஊற்றினார்கள். ஈரப் புடவையோடு பஸ் ஏறி வந்து, அடுத்த வாரம் மறுபடி அதே வீட்டுக்குப் போனாள். அந்த முறை மாமியார்க்காரி உள்ளே கூப்பிட்டு உட்காரச் சொன்னாள், அவ்வளவுதான். மருமகளைக் கூட்டிப் போக அவர்கள் வந்தது அதற்கும் வெகு காலம் கழித்து.

அதைப் பெரிய ஊழியம் என்று ஒருவரும் சொல்லவில்லை. சபையில் பழகியவர்கள் தாம்பரம் மார்க்கெட்டில் பார்த்தால், “இன்னும் அங்கதான் போறியாம்மா?” என்பார்கள். கல்யாணத்தைப் பற்றியும் கேட்பார்கள். முப்பதைத் தாண்டியதும் அதையும் கேட்பதை விட்டார்கள்.

2008இல் ஒரு ஞாயிறு சாயங்காலம், தெருமுனைச் சிறு சபையில் கடைசி வரிசையில் உட்கார்ந்துவிட்டு வந்திருந்த பாஸ்டர், மகளை அருகே கூப்பிட்டார். அவள் பழக்கத்தில் காதைக் கொடுத்தாள்.

“இதுதான் உன் அழைப்புன்னு உனக்கு எப்படித் தெரிஞ்சுது?”

அவள் யோசித்தாள். அப்பாவிடம் பொய் சொல்லத் தேவையில்லாத வயதாகியிருந்தது.

“தெரியலப்பா. சத்தமா ஒண்ணும் கேக்கல. இப்பவும் கேக்கல. உடம்பெல்லாம் வலிக்குது, சில நாள் எதுக்கு இந்தப் பொழப்புன்னு கூட இருக்கு. ஆனா வேற எங்கயாவது போலாம்னு நினைச்சா, அந்தக் கட்டில்ல படுத்திருக்கறவங்க முகம்தான் வருது. அதான் போறேன்.”

பாஸ்டர் அவள் தலைமேல் கையை வைத்தார். ஊழியத்துக்கு அனுப்புகிறவர்களுக்குச் சபையில் அப்படித்தான் செய்வார்கள். உதடு அசைந்தது. என்ன சொன்னார் என்று அவளுக்கே கேட்கவில்லை. கை கனத்துக்கொண்டே வந்தது, பார்த்தால் அவர் உட்கார்ந்தபடி தூங்கிப்போயிருந்தார். அவள் கையை மெதுவாக எடுத்து அவர் மடியில் வைத்தாள். குழாயில் தண்ணீர் நிற்பதற்குள் நாளைக்குக் கட்ட வேண்டிய புடவையைத் துவைத்துப் போட வேண்டும் என்று எழுந்தாள்.